மொட்டை சேஸ்

கரூரில் பஸ் பாடி கட்டும் பட்டறைகள் இருக்கும் பக்கம் வளர்ந்தவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கமானது. ஓசூரிலிருந்தோ எண்ணூரிலிருந்தோ புது பஸ் சேஸ் வரும். கண்ணாடி கிடையாது, கதவு கிடையாது, கூரை கிடையாது. ஆறு சக்கரம், நீளமாக இரண்டு இரும்புச் சட்டம், முன்னால் இன்ஜின், அதை ஒட்டி ஒரு ஸ்டியரிங். டிரைவர் பலகை ஒன்றைப் போட்டு உட்கார்ந்திருப்பார். தலையையும் முகத்தையும் சேர்த்துத் துண்டால் கட்டி, அதன் மேல் கறுப்புக் கண்ணாடி. வெயில், புழுதி, எதிரே வரும் லாரிப் புகை எல்லாம் நேராக அவர் மேலேயே வந்து விழும். எங்கள் தெருப் பையன்கள் அதற்கு வைத்த பெயர் மொட்டை சேஸ். அந்த டிரைவர்தான் எங்களுக்கு உலகத்திலேயே பெரிய வீரர்.

அப்பா அந்தப் பட்டறை ஒன்றில் டிங்கர். தகடு வெட்டி, வளைத்து, ரிவிட் அடிப்பது அவர் வேலை. மொட்டையாக வந்த சேஸ் இரண்டு மாதத்தில் பூப்போட்ட பெயின்ட்டும் சாமி பெயரும் வைத்துக்கொண்டு பஸ்ஸாகப் புறப்பட்டுப் போகும். எனக்கு அது என்னவோ ஏமாற்றமாகவே இருக்கும். மொட்டையாக இருந்தபோது அது எங்கு வேண்டுமானாலும் போகும் வண்டி. பாடி கட்டியதும் திருச்சி, ஈரோடு, பழனி என்று ரூட் வண்டி ஆகிவிடும்.

இதை இங்கே சொல்லக் காரணம் உண்டு. நாற்பத்து மூன்று வயதில், இங்கிலாந்தின் கவென்ட்ரியில், என் வீட்டு கேரேஜில், நானே ஒரு மொட்டை சேஸை வாங்கிப் போட்டேன்.

கிட் கார் என்று இங்கே ஒரு உலகமே இருக்கிறது. காரைப் பாகங்களாக வாங்கி, வீட்டில் வைத்துப் பூட்டி, சோதனைக்குக் கொண்டுபோய், நம்பர் பிளேட் வாங்கி ரோட்டில் ஓட்டலாம். அதில் பெரும்பகுதி ஒரே ஒரு காரின் வழிவந்தது. அது லோட்டஸ் செவன். காலின் சாப்மன் என்ற இன்ஜினியர் வடக்கு லண்டனில் ஹார்ன்சியில், தன் அப்பா நடத்திய ஓட்டலுக்குப் பின்னால் இருந்த பழைய குதிரை லாயத்தில் தொழிலைத் தொடங்கியவர். 1957-ல் செவனைக் கொண்டுவந்தார். நீளமான மூக்கு, வெளியே துருத்திக்கொண்டு நிற்கும் முன் சக்கரங்கள், இரண்டே சீட்டு. கதவு என்று சொல்ல ஒன்றும் கிடையாது. ஃபோர்டின் சாதாரண 1172 சிசி இன்ஜின், நாற்பது குதிரைச் சக்தி தேறினால் அதிகம். அப்படியும் வளைவுகளில் அதைவிடப் பெரிய கார்களை அது ஓரங்கட்டியது. அது எடையே இல்லாத கார் என்பதுதான் அதன் ரகசியம்.

அந்தக் காலத்தில் பிரிட்டனில் முழுக் கார் வாங்கினால் பர்ச்சேஸ் டாக்ஸ் கட்ட வேண்டும். பாகங்களாக வாங்கி நீங்களே பூட்டிக்கொண்டால் அந்த வரி இல்லை. ஆனால் பூட்டுவது எப்படி என்று எழுதிக் கொடுத்தால் சலுகை போய்விடும். அதனால் சாப்மன் காரைக் கழற்றுவது எப்படி என்று எழுதிக் கொடுத்தாராம், வாங்கியவர்கள் அதைக் கடைசிப் பக்கத்திலிருந்து படித்துக்கொண்டார்களாம். கிட் கார்க்காரர்கள் இரண்டு பேர் சேர்ந்தால் மூன்றாவது நிமிடத்தில் இந்தக் கதை வந்துவிடும். 1973-ல் வாட் வரி வந்தபோது இந்தச் சந்து அடைபட்டது. அதே ஆண்டு லோட்டஸ் செவனைக் கைகழுவ, சர்ரேயில் கேட்டர்ஹாம் என்ற ஊரில் கார் விற்றுக்கொண்டிருந்த கிரகாம் நியர்ன் அதன் உரிமையை வாங்கினார். அந்த ஊர்ப் பெயரிலேயே இன்றுவரை அந்தக் கார் வருகிறது. 1996-ல் ரான் சாம்பியன் என்ற பள்ளி ஆசிரியர், பழைய ஃபோர்டு எஸ்கார்ட் ஒன்றின் பாகங்களை வைத்து 250 பவுண்டுக்குள் இப்படி ஒரு காரை நீங்களே வெல்டிங் செய்து கட்டலாம் என்று புத்தகம் போட்டார். அதற்குப் பிறகு இங்கிலாந்தில் எத்தனை கேரேஜ்களில் குடும்பக் கார்கள் வெளியே மழையில் நின்றன என்பதற்குக் கணக்கில்லை. அந்த வகைக்கு லோகாஸ்ட் என்றே பெயர் விழுந்துவிட்டது.

என்னுடையது லோட்டஸும் இல்லை, கேட்டர்ஹாமும் இல்லை. செவன் ஜாடையில் சிறு கம்பெனி ஒன்று செய்த சேஸ். இன்ஜின், கியர்பாக்ஸ், டிஃபரன்ஷியல், ஹப், பிரேக் எல்லாம் பழைய மாஸ்டா எம்எக்ஸ்-5 ஒன்றிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும். அப்படிப் பாகம் கொடுக்கும் காரை இங்கே டோனர் என்பார்கள். கண் தானம், கிட்னி தானம் போல. குளிர்காலத்தில் ரோட்டில் பனி உறையாமல் இருக்க உப்பு கொட்டுவார்கள். அந்த உப்பு பதினைந்து இருபது வருடத்தில் காரின் அடிப்பகுதியைத் தின்றுவிடும். உடம்பு போய், இதயம் மட்டும் நன்றாக இருக்கும் கார்கள் மலிவாகக் கிடைக்கும்.

நான் வாங்கியது 2019 அக்டோபரில், வேறொருவர் பாதியில் விட்ட கிட். இந்தச் சந்தையில் பாதியில் விட்டவைதான் அதிகம். விளம்பரத்தில் பெரும்பாலும் 'நேரமின்மையால் விற்பனை' என்று போட்டிருப்பார்கள். நேரமின்மை என்பது இடக்கரடக்கல். விவாகரத்து, முதுகுவலி, இரட்டைக் குழந்தை, வயரிங் என்று உண்மைக் காரணங்கள் வேறு. எனக்கு விற்ற பெரியவருக்கு முழங்கால். கேரேஜ் தரையில் உட்கார்ந்து எழ முடியவில்லை என்றார். சேஸ், பதினொரு அட்டைப்பெட்டி, ஒரு பிஸ்கட் டப்பா கொடுத்தார். டப்பாவில் ரசீதுகளும் டோனர் காரின் பதிவுப் புத்தகமும் இருந்தன. "பெட்டி தொலைந்தாலும் பரவாயில்லை, டப்பாவைத் தொலைத்துவிடாதே" என்றார். அதன் அருமை பிறகுதான் தெரிந்தது. எந்தப் பாகம் எந்தக் காரிலிருந்து வந்தது என்று காட்ட முடியாவிட்டால் க்யூ என்ற எழுத்தில் தொடங்கும் நம்பர் பிளேட்தான் கொடுப்பார்கள். வயது தெரியாத வண்டி என்று அதற்குப் பொருள். அப்பன் பேர் தெரியாத பிள்ளை மாதிரி, விற்கும்போது விலை இறங்கும்.

லாரியிலிருந்து சேஸை இறக்கியபோது நானும் பக்கத்து வீட்டுக்காரரும் இரண்டு பக்கமும் பிடித்து நடந்தே கேரேஜுக்குள் கொண்டுபோய் வைத்தோம். காரின் எலும்புக்கூட்டை இரண்டு பேர் கையில் தூக்கிக்கொண்டு போக முடிந்தது என்பதே அன்றைக்கு எனக்கு நம்ப முடியாத விஷயமாக இருந்தது. என் மனைவி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "மூணு பேர் இருக்கற வீட்டுக்கு ரெண்டு சீட்டு வண்டி. யாரக் கழிச்சுவிடறதா உத்தேசம்?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனாள்.

சேஸ் என்றேன், ஆனால் பஸ் சேஸ் மாதிரி இரண்டு நீளச் சட்டம் இல்லை இது. 25 மில்லிமீட்டர் சதுரக் குழாய்களைக் கூண்டு போல வெல்டிங் செய்தது. எந்தப் பக்கம் பார்த்தாலும் முக்கோணமாக இருக்கும். ஊரில் படல் கட்டும்போது நான்கு கழியோடு நிறுத்தமாட்டார்கள், குறுக்கே ஒரு கழி போடுவார்கள். அது இல்லாவிட்டால் இரண்டு மாதத்தில் படல் ஒருபக்கமாகச் சாய்ந்து நிற்கும். அதே சங்கதிதான். குறுக்குக் குழாய் வைத்த இடத்தில் மெல்லிய குழாயே போதும். கூண்டின் பக்கங்களிலும் அடியிலும் அலுமினியத் தகடு வைத்து ரிவிட் அடித்தால் அந்தத் தகடும் சேர்ந்து இறுக்கம் கொடுக்கும்.

இந்தத் தகடு வேலைதான் எனக்கு மிச்சம் இருந்தது. எண்ணூற்றுச் சொச்சம் ரிவிட். வீடியோ காலில் அப்பாவுக்குக் காட்டினேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "தகட்டுக்கும் கம்பிக்கும் நடுவுல என்ன வெக்கற?"

"ஒண்ணுமில்லீங்கப்பா, அப்படியே ரிவிட் அடிக்கப் போறேன்."

"அப்படியே அடிச்சா அலுமினியமும் இரும்பும் ஒண்ண ஒண்ணு தின்னுக்கும். அதுவும் உங்க ஊரு ஈரத்துக்கு."

இரண்டு வேறு உலோகங்கள் ஈரத்தில் தொட்டுக்கொண்டிருந்தால் பேட்டரி போல வேலை செய்து ஒன்று அரிக்கும் என்று நான் காலேஜில் படித்திருக்கிறேன். பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கினேன். ஆனால் கேரேஜில் நிற்கும்போது அது நினைவுக்கு வரவில்லை. எட்டாவதோடு நிறுத்தியவர் சொல்லித்தான் வந்தது. குழாய்க்கு பெயின்ட் அடித்து, நடுவில் பசை போலக் கெட்டிப்படும் சீலன்ட் தடவி, பிறகு தகடு வைத்தேன். துளை போட்டு, பிசிறு நீக்கி, ரிவிட் கன்னை அழுத்தினால் ஆணியின் வால் 'டக்' என்று அறுந்து தரையில் விழும். ஒரு மாலைக்கு நாற்பது. அதற்குமேல் மணிக்கட்டு ஒத்துழைக்காது. அப்பா முப்பத்தைந்து வருடம் இதைத்தான் செய்தார், அதுவும் சுத்தியலால்.

ஊரில் இப்படி ஒன்றை ஏன் செய்ய முடியாது என்று அங்கிருக்கும் நண்பர்கள் கேட்பார்கள். திறமை இல்லாமல் இல்லை. கோயம்புத்தூரில் கரிவரதன் குழாய்ச் சேஸில் மாருதி 800 இன்ஜினை வைத்து ரேஸ் கார்களைக் கட்டினார். நரேன் கார்த்திகேயன் தொடங்கியதே அந்த ஃபார்முலா மாருதியில்தான். 1995-ல் கரிவரதன் விமான விபத்தில் போய்விட்டார். செட்டிபாளையத்து ரேஸ் டிராக்குக்கு அவர் பெயர். திறமைக்கு என்ன குறை? மெட்ராஸ் மீன்பாடி வண்டியைவிடப் பெரிய கிட் வண்டி உண்டா? ஆனால் ரேஸ் டிராக்கில் ஓடுவது வேறு, ரோட்டுக்கு நம்பர் வாங்குவது வேறு. கம்பெனி கொடுத்த விவரத்திலிருந்து வண்டியை மாற்றக் கூடாது என்கிறது நம் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. 2019-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. வீட்டில் ஒருவன் முழுதாகக் கட்டியதைப் பதிவு செய்வது நடைமுறையில் நடக்காத காரியம். ஐம்பது பேர் போகும் பஸ்ஸுக்குப் பட்டறையில் பாடி கட்டும் ஊரில் பிறந்தவனுக்கு இது கொஞ்சம் உறுத்தத்தான் செய்கிறது.

இன்ஜினும் கியர்பாக்ஸும் ஒன்றாகத் தொங்கி உள்ளே இறங்கிய நாள், கொரோனா ஊரடங்கின் நடுவில் ஒரு சனிக்கிழமை. வாடகை கிரேன், இரண்டு பழைய போர்வை, ஒன்பது வயது மகள். "லெஃப்ட்ல இடிக்குது", "இன்னும் கொஞ்சம்" என்று அவள்தான் சொன்னாள். முப்பது மில்லிமீட்டர் இடைவெளியில் இன்ஜினை நுழைக்கும்போது பெரியவன் சின்னவன் என்ற பேதம் கிடையாது. வயரிங்கைப் பற்றி எழுதப் போவதில்லை. நான்கு மாதம் ஆனது, எரிந்தது ஒரு ஃபியூஸும் என் மானமும்.

ரோட்டுக்கு வரும் முன் தனிவாகன அனுமதிச் சோதனை உண்டு. ஐ.வி.ஏ. என்று சொல்வார்கள், அரசுச் சோதனை நிலையத்தில் நடக்கும். பிரேக், விளக்கு, புகை எல்லாம் எதிர்பார்த்ததுதான். சத்தமும் அளப்பார்கள், 99 டெசிபலைத் தாண்டக் கூடாது. எதிர்பாராதது விளிம்புகள். ஆள் மேல் படக்கூடிய எந்த விளிம்பும் கூராக இருக்கக் கூடாது, வெளிப்புறத்தில் குறைந்தது 2.5 மில்லிமீட்டர் ஆரமாவது உருண்டிருக்க வேண்டும். அதனால் சோதனைக்கு வரும் கிட் கார்களைப் பார்த்தால் சிரிப்பு வரும். ஒவ்வொரு நட்டுக்கும் பிளாஸ்டிக் தொப்பி, ஒவ்வொரு விளிம்புக்கும் ரப்பர் பட்டை. பிறந்தநாள் விழாவுக்குக் குல்லா போட்ட மாதிரி இருக்கும். இதில் பாதி, பாஸான அன்றைக்கே ஒரு டப்பாவுக்குள் போய்விடும் என்பதும் ஊரறிந்த ரகசியம்.

நான் முதல் தடவை ஃபெயில். டேஷ்போர்டுக்கு அடியில் ஒரு விளிம்பு, அது போகட்டும். இன்னொன்றுதான் என்னை உட்கார வைத்துவிட்டது. மெதுவாக வட்டமடித்துக்கொண்டே ஸ்டியரிங்கை விட்டால், அது தானாக நேர்ப்பக்கம் திரும்ப முயல வேண்டும். என்னுடையது விட்ட இடத்திலேயே நின்றது. முன்பக்கம் எடை இல்லாத காரில் இது வழக்கமான வியாதியாம். டயரை இழுத்து நேராக்கும் பாரமே அங்கே இல்லை. வாஷர்களை இடம் மாற்றி முன்சக்கரத்தின் காஸ்டர் கோணத்தை ஏற்றினேன். சைக்கிளின் முன் ஃபோர்க் பின்பக்கமாகச் சாய்ந்திருக்கிறதே, அதே வித்தை. கையை விட்டு ஓட்டினாலும் சைக்கிள் நேராகப் போவதற்கு அந்தச் சாய்வும் ஒரு காரணம். மூன்று வாரம் கழித்துப் பாஸ். டப்பாவில் இருந்த பதிவுப் புத்தகத்தின் புண்ணியத்தில் டோனரின் வயதுக்கேற்ற நம்பரும் கிடைத்தது.

சரி, ஓட்ட எப்படி இருக்கிறது?

எடை 612 கிலோ. நம் மாருதி 800 கிட்டத்தட்ட 650 கிலோ, 37 குதிரைச் சக்தி. அதைவிட லேசான வண்டியில் 130 குதிரை. கேட்க பயங்கரமாக இருக்கும், ஆனால் வேகம் பெரிய விஷயமில்லை. நேர் ரோட்டில் இன்றைய மின்சாரக் கார்கள் குழந்தை சீட்டோடு இதைத் தாண்டிப் போகும். சக்தியைக் கூட்டினால் ஒரு காரியம்தான் நடக்கும், வண்டி வேகமாகக் கிளம்பும். எடையைக் குறைத்தால் பிரேக் பிடிப்பது, வளைவது, டயர் தேய்வது, பெட்ரோல் குடிப்பது எல்லாமே மாறும். பவர் ஸ்டியரிங் இல்லை, ஏபிஎஸ் இல்லை, பிரேக்குக்கு பூஸ்டர் இல்லை. தேவையில்லை என்பதால் இல்லை. ரோட்டில் கிடக்கும் ஒரு சரளைக்கல்லைச் சக்கரம் மிதித்தால் அது உள்ளங்கைக்கு வந்து சேரும். முன் சக்கரங்கள் மேலும் கீழும் ஆடுவதை உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்க்கலாம். கையைத் தொங்கவிட்டால் ரோட்டைத் தொடலாம் (தொடாதீர்கள்). லாரி பக்கத்தில் வந்தால் அதன் சக்கரத்து நட்டுதான் என் கண்மட்டத்தில் சுற்றும். மழை வந்தால் நனைய வேண்டியதுதான்.

இதைவிடவும், நான் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. வாங்கிய காரில் சத்தம் கேட்டால் கம்பெனியைத் திட்டலாம், மெக்கானிக்கைத் திட்டலாம். இதில் யாரைத் திட்டுவது?

ஒவ்வொரு போல்ட்டையும், இறுக்கத்தை அளந்து முடுக்கும் டார்க் ரெஞ்சால் முடுக்கிய பிறகு மஞ்சள் பெயின்ட் பேனாவால் ஒரு கோடு போடுவது என் வழக்கம். நட்டு சுழன்றால் கோடு உடையும், பார்த்தாலே தெரியும். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஃபாஸ் வேயில் போய்க்கொண்டிருந்தேன். ரோமானியர்கள் போட்ட ரோடு, வார்விக்‌ஷையர் வயல்களுக்கு நடுவில் கோடு கிழித்த மாதிரி மேடும் பள்ளமுமாகப் போகும். மணிக்கு 60 மைல் வேகத்தில், பின்னால் இடப்பக்கத்திலிருந்து மெல்லிய 'டிக்' ஒன்று வந்தது. அந்த நொடியில், பின் இடது சக்கரத்தைத் தாங்கும் கீழ்க் கையின் உள்பக்க போல்ட்டுக்குக் கோடு போட்டேனா என்று ஒரு சந்தேகம். ஓரங்கட்டிப் படுத்துப் பார்த்தேன். கோடு இல்லை. போல்ட் இறுக்கமாகத்தான் இருந்தது. அப்படியானால் முடுக்கிவிட்டுக் கோடு போட மறந்தேனா, அல்லது முடுக்கவே இல்லாமல் அது கருணை காட்டிக்கொண்டிருக்கிறதா? வீட்டுக்கு இருபது மைல் வேகத்தில் வந்தேன். டார்க் ரெஞ்ச் வைத்துப் பார்த்ததில் இம்மியும் அசையவில்லை. அன்றிரவு தூக்கமில்லை. மறுநாள் வண்டியில் இருந்த எல்லாப் போல்ட்டையும் மறுபடி முடுக்கினேன், இந்த முறை வெள்ளைப் பேனா. 'டிக்' மட்டும் போகவில்லை.

எதையாவது மாற்றிக்கொண்டே இருக்கும் நோயையும் சொல்லிவிடுகிறேன். கிட் கார் கட்டி முடிவது கிடையாது. கிராம் கணக்கு எழுத ஒரு நோட்டு வைத்திருந்தேன். பேட்டரியை லித்தியத்துக்கு மாற்றியதில் பத்து கிலோ மிச்சம். ஹீட்டரைக் கழற்றினேன், நான்கு கிலோ. நவம்பரில் திரும்ப மாட்டினேன். முன் கண்ணாடியை எடுத்துவிட்டு, முழங்கை உயரத்துக்குக் குட்டியாக ஏரோஸ்கிரீன் வைத்தேன். பார்க்க அம்சமாக இருந்தது, ஒரு தேனீ 50 மைல் வேகத்தில் கன்னத்தில் வந்து மோதும் வரை. இத்தனை மிச்சமும் பிடித்த பிறகு ஒருநாள் எடை மெஷினில் நான் ஏறிப் பார்த்தால் ஆறு கிலோ கூடியிருந்தேன். அந்தப் பக்கத்தை நோட்டிலிருந்து கிழித்துவிட்டேன்.

கிட் கார் கண்காட்சிக்குப் போனால் இதைவிட முற்றியவர்களைப் பார்க்கலாம். சுசுகி ஹயபூசா பைக் இன்ஜினை வைத்தவர்கள், ரிவர்ஸ் கியருக்குத் தனியாக ஒரு ஏற்பாடு செய்துகொண்டு வருவார்கள். சத்தம் என்னவோ தேவலோகம்தான், ஆனால் சிக்னலுக்குச் சிக்னல் அதை ஓட்டிப் பார்க்கச் சொன்னால் நான் மாட்டேன். அகலமான ரேஸ் டயர் போடுபவர்கள்மேல்தான் எனக்கு வருத்தம். லேசான காரில் அந்த டயர் சூடேறவே ஏறாது. சூடேறாத ரேஸ் டயருக்குப் பிடிப்பும் கிடையாது. காற்றழுத்தம்கூட இதில் 18, 20 தான். ஒருமுறை டயர் கடைப் பையன் பழக்கதோஷத்தில் 32 வைத்துவிட, வீடு வரும்வரை வண்டி தவளை மாதிரி தாவியது.

காசே செலவில்லாத ஒரு வேலைதான் காரை உண்மையில் மாற்றியது. நான்கு சக்கரத்துக்கும் அடியில் தனித்தனி எடை மெஷின் வைத்து, எந்தச் சக்கரத்தில் எவ்வளவு பாரம் என்று பார்ப்பது. நண்பர் ஒருவரிடம் மெஷின்கள் இரவல். டிரைவர் சீட்டில் நான் இருக்கும் எடையும் வேண்டும், ஆனால் நான் கீழே படுத்துத் திருக வேண்டும். 20 கிலோ பொன்னி அரிசி மூன்று மூட்டை, பத்து கிலோ ஆட்டா ஒன்று. பெல்ட்டும் போட்டுவிட்டேன். முன் இடதையும் பின் வலதையும் கூட்டினால் மொத்தத்தில் பாதி வர வேண்டும். என்னுடையது 53 சதவீதத்துக்கு மேல். கயிற்றுக் கட்டிலில் ஒரு கால் கட்டையாக இருந்தால் இரண்டு கால்தான் முழுப் பாரத்தையும் வாங்கும், அந்த மாதிரி. வலப்பக்கம் திரும்பும்போது ஒரு குணம், இடப்பக்கம் வேறு குணம் என்று ஒரு வருடமாக நான் என் கையைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். ஸ்பிரிங் உட்காரும் வளையத்தை அரைச் சுற்று, கால் சுற்று என்று திருகி ஐம்பதுக்குக் கொண்டுவர ஒரு பகல் போனது. அன்றைக்குச் சாயங்காலம் ஓட்டியபோது வேறு வண்டி.

2023 ஜூலையில் அப்பா வந்தார். எழுபத்தொரு வயது. ஏர்போர்ட்டிலிருந்து குடும்பக் காரில் வந்து இறங்கியதும் கேரேஜைத் திறக்கச் சொன்னார். பாலிஷ் போட்டு, பளபளவென்று துடைத்து வைத்திருந்தேன். இடுப்பில் கை வைத்து ஒரு சுற்று சுற்றி வந்தார்.

"ஏண்டா கண்ணு, இன்னும் பாடி கட்டலியா?"

"கட்டியாச்சுங்கப்பா. இதான் பாடி."

"அப்ப மழ வந்தா?"

"நனையணுமுங்க."

"ம்." பிறகு குனிந்து, மோதிர விரலை மடக்கி, பக்கத் தகட்டில் ரிவிட் வரிசையை ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டு போனார். டாக்டர் முதுகில் தட்டுகிற மாதிரி. நானும் கூடவே நகர்ந்தேன். பின் சக்கரத்துக்கு முன்னால், இடப்பக்கம் கீழே, அவர் விரல் நின்றது. மறுபடி தட்டினார். "இது பேசுது." பக்கத்து ரிவிட்டையும் தட்டினார். "இதும் பேசுது." மொத்தம் மூன்று. துளை கொஞ்சம் பெரிதாகப் போட்டிருக்கிறேன், ரிவிட் உள்ளே சரியாக விரியவில்லை என்றார். கண்ணுக்கு அந்த மூன்றும் மற்றவை மாதிரியே இருந்தன.

அன்றைக்கே, நேரமாறுபாட்டுத் தூக்கம்கூடப் போடாமல், மூன்றையும் டிரில் வைத்து எடுத்துவிட்டு, ஒரு சுற்று பெரிய ரிவிட் போட்டார். ரிவிட் கன்னைக் கையில் வாங்கி எடை பார்த்துவிட்டு, "இது சொகுசு வேலப்பா" என்றார்.

மறுநாள் ஒரு ரவுண்ட் போகலாமா என்று கேட்டேன். உள்ளே போனவர் பெட்டியைத் திறந்து துண்டை எடுத்து வந்தார். தலையையும் முகத்தையும் சேர்த்துக் கட்டினார். என் கூலிங் கிளாஸை வாங்கி மேலே மாட்டிக்கொண்டார். கதவு இல்லாத பக்கச் சட்டத்தைத் தாண்டி இறங்க அவருக்கு இரண்டு நிமிடம் ஆனது. உட்கார்ந்து பெல்ட் போட்ட பிறகு சொன்னார், "முப்பத்தஞ்சு வருசம் சேஸ் மேலதான் வேல பாத்தேன். ஓடற சேஸ்ல ஒரு நா கூட உக்காந்ததில்ல."

ஃபாஸ் வேயில் அவர் ஒன்றும் பேசவில்லை. காற்றில் பேசினாலும் கேட்காது. வலக்கையை நடுவில் இருந்த டனல் தகட்டின் மேல் வைத்திருந்தார், முன்சக்கரம் ஆடுவதையே பார்த்துக்கொண்டு வந்தார். நான் இடப்பக்கம் காதை வைத்திருந்தேன். 'டிக்' வரவில்லை. ஆனால் ஒரு மேடு தாண்டி இறங்கும்போது வேறு ஒரு சத்தம், கீழிருந்து, உறுமல் மாதிரி. என் கால் தானாக ஆக்ஸிலரேட்டரை விட்டது. அப்பா நிறுத்து என்று கையைக் காட்டினார். ஒரு வயல் கேட் ஓரமாக நிறுத்தினேன். இன்ஜினை அணைத்ததும் அவர் துண்டை வாயிலிருந்து இறக்கி, எட்டிப் பார்த்தார், வண்டியை இல்லை, நாங்கள் வந்த ரோட்டை. தார் புதிதாகப் போட்டு, சல்லி சரியாக உட்காராத இருநூறு அடி.

"அது உன்னுது இல்லீடா, ரோட்டுது" என்றார். "எடு வண்டிய."